மாடிப் பலகையைப் பெயர்த்த மருமகள்

இல்லவே இல்லை. அந்தப் பெண் வீட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டு ஓடிப்போனாள் என்று எதிர்வீட்டு டெய்லரம்மா சொல்லித் திரிவது சுத்தப் பொய். பெயர்த்தாள், அது உண்மை, மூன்று பலகை. ஆனால் ஓடவில்லை. பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, தெருவே பார்க்க நடந்து போனாள். மாமியார் அவளை அடிக்கக் கை ஓங்கினாள் என்பது இரண்டாவது பொய். "கையை எடு!" என்று அந்த மாமியார் போட்ட கத்தல் ஏழு வீட்டுக்குக் கேட்டது வாஸ்தவம். டெய்லரம்மாவின் காதில் விழுந்தது அந்த இரண்டே வார்த்தை. அதற்குக் கண் வைத்து, மூக்கு வைத்து, கால் முளைக்க விட்டுத் தெருவில் நடமாட வைத்தது அவளுடைய கைவேலை. அந்த அம்மா எடுத்த சட்டை அளவு ஒரு நாளும் ஆளுக்குப் பொருந்தியதில்லை. இதில் மட்டும் பொருந்திவிடுமா?

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவைப்போம். கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே தாய் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிற அப்பா, பின்னால் இரண்டு தங்கைகள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு வயரிங் கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஊதினால் பறக்கிற உடம்பு. தரைக்கு அடியில், கூரைக்கும் மச்சுக்கும் நடுவில், எந்த ஆம்பளையின் தோளும் நுழையாத சந்துக்குள் அவளைத்தான் அனுப்புவார்கள். கூட வேலை செய்தவர்கள் வைத்த பேர் 'எலி'. அவள் கோபப்பட்டதே இல்லை. "எலின்னா வயரைக் கடிக்கும். நான் கட்டுறேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள். ஏழு வருஷம் அப்படி ஓடியது. முடித்துக்கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் சான்றிதழில் கான்ட்ராக்டர்தான் கையெழுத்துப் போடுவார். கை இவளுடையது, கையெழுத்து அவருடையது.

பேக்கரி ஒன்றில் அடுப்புக்கு லைன் இழுக்கப் போன இடத்தில்தான் கல்யாணமும் கூடியது. மாவு பிசைந்துகொண்டிருந்தவன் இவள் ஏணியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒரே மாவைப் பிசைந்துகொண்டிருந்தானாம். வீட்டில் வந்து சொன்னபோது அவன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ரொட்டி சுடப் போனவன் கரண்ட்டைக் கட்டிக்கிட்டு வரேங்கறான். உருப்படுமா இந்தக் குடும்பம்?"

அந்த அம்மாவைத் தெருவில் 'பளபளா' என்று சொல்வார்கள். மாடித் தரை முழுக்க மரப்பலகை. தினமும் காலையில் மண்டியிட்டு, வாளியும் துணியுமாக, ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை துடைப்பாள். முட்டி தேய்ந்துபோயிற்று, தரை மட்டும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். எழுந்திருக்க முடியாமல் இடது கையால் சுவரோர இரும்புத் தண்ணீர்ப் பைப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். ஒருவர் உதவிக்கு வந்தால் அதற்கும் திட்டு விழும். அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாயே திறக்கமாட்டார், ஆனால் கையைச் சும்மா வைக்கத் தெரியாது. மாடியில் எந்தப் பலகையாவது காலடியில் முனகினால், டிப்போவிலிருந்து கொண்டுவந்த பழைய ஆணி டப்பாவைத் திறப்பார். ஒரு ஆணியை எடுத்து 'டக் டக்' என்று இறக்கிவிடுவார். பலகை முனகினால் ஆணி. அவர் கற்ற வைத்தியம் அது ஒன்றுதான். முப்பது வருஷமாகத் தரை முழுக்க ஆணித்தலை, அம்மை வடு மாதிரி.

மருமகள் வந்த நாலாவது மாதம், மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"அத்தை, ஏதோ கருகுது."

"உன் புருஷன் பேக்கரியிலேர்ந்து வந்து சட்டையைக் கழட்டிப் போட்டிருப்பான். அந்த வாடைதான்."

"ரொட்டி வாடை எனக்குத் தெரியாதா? இது மரம்."

மாமியார் வேண்டாம் வேண்டாம் என்க, மெயினை அணைத்துவிட்டு ஒரு பலகையை நெம்பித் தூக்கினாள். அந்த வீட்டில் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே வரிசையாகக் குறுக்கு உத்திரங்கள் போகின்றன. மேலே பலகை அறைந்தால் மாடிக்குத் தரை, அடியில் அறைந்தால் கீழ்வீட்டுக்கு மச்சு. என்றைக்கோ வந்த ஒரு வேலைக்காரன் ஒவ்வொரு உத்திரத்தின் தலையிலும் வாய்க்கால் மாதிரி வெட்டி, அதில் வயரைப் படுக்கவைத்து, மேலே பலகையை மூடிவிட்டுப் போயிருந்தான். வயரின் துணி உறை பொடிப்பொடியாக உதிர்ந்துகிடந்தது. பக்கத்தில் மாமனார் அடித்த ஆணி ஒன்று. அது உரசிய இடத்தில் மரம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. இத்தனை நாள் அந்த நெருப்பு பற்றாமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ.

மாமியார் அன்று ராத்திரி சாப்பாட்டில் மருமகளுக்கு முதலில் பரிமாறினாள். அதுதான் அவளுடைய பேச்சு.

அப்போது மருமகள் ஒரு விஷயம் கேட்டாள். சொந்த லைசென்ஸ் வேண்டுமென்றால் ஒரு முழு வீட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தனியாளாக வயரிங் செய்து பரிசோதகருக்குக் காட்ட வேண்டும். பார்த்துச் சரி என்றால் அன்றைக்கே கையெழுத்து. பக்கத்து ஊரில் மரத்தளம் போட்ட பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் வேலையும் அவள் பேருக்கு வந்துவிடும். அவர்கள் ரொம்பக் காத்திருக்க மாட்டார்கள். பரிசோதனைத் தேதி தவறினால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான்.

"இந்த வீட்டையே செஞ்சு காட்டவா அத்தை?"

"செய். ஆனா தினமும் சாயங்காலம் என் தரை என் தரையா இருக்கணும். ஒரு மரத்தூள் காலில் ஒட்டினாலும் உன்னையும் உன் டிரில்லையும் வாசல்ல வெச்சுடுவேன்."

கான்ட்ராக்டரிடம் லீவு சொல்லிச் சொல்லி ஆறு வாரம் வேலை செய்தாள். மாமியார் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்து வேவு பார்ப்பாள். உத்திரத்தின் தலையில் ஒரு வெட்டு வெட்டி வயரைப் போட்டால் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு, இவள் பலகையைத் தூக்கி, உள்ளே படுத்து, அளந்து, கோடு போட்டு, ஒவ்வொரு உத்திரத்தின் வயிற்றிலும் துளை போடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"மேலயே ஒரு வெட்டு வெட்டிட்டுப் போகவேண்டியதுதானே? எதுக்கு இந்தக் குடைச்சல்?"

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு கீழே போய், புருஷன் கொண்டுவந்த நீள ரொட்டி ஒன்றை எடுத்துவந்தாள்.

"ரெண்டு முனையையும் பிடிச்சு, நடுவுல கட்டைவிரலால அமுக்குங்க அத்தை."

மாமியார் அமுக்கினாள். மேல்பக்கம் நெருங்கிச் சுருங்கியது. அடிப்பக்கம் வாய் பிளந்தது.

"நடுப் பகுதியைப் பாருங்க. சுருக்கமும் இல்ல, கிழிசலும் இல்ல. நாம மேல நடக்கும்போது உத்திரமும் இப்படித்தான் வளையுது. தலையில வெட்டினா பலம் போச்சு, அடியில வெட்டினா முறிஞ்சே போச்சு. நடு உயரத்துல சின்னத் துளை போட்டா மரத்துக்கு வலிக்காது. இன்னொண்ணு, மேலேர்ந்து தரைக்கு ஆணி வரும், கீழேர்ந்து மச்சுக்கு ஆணி வரும். ரெண்டுக்கும் எட்டாத இடம் அந்த நடுதான்."

"அப்போ ஒரே துளையில எல்லா வயரையும் விட்டுடு. எதுக்கு இத்தனை?"

"ஒரே போர்வையில அஞ்சு பேர் படுத்தா என்ன ஆகும்?"

"வேர்க்கும்."

"வயருக்கும் வேர்க்கும்."

மாமியாருக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல், நல்ல ரொட்டியை வீணடித்ததாக ஒரு சத்தம் போட்டுவிட்டு, அதைத் தானே பிய்த்துத் தின்றாள்.

பழைய வெட்டு விழுந்த உத்திரங்களுக்கு மருமகள் பக்கத்தில் புதுக் கட்டை வைத்து போல்ட் போட்டு முறுக்கினாள். கீழே மெயின் பெட்டியில் ஒரு டிரிப்பர் வைத்தாள். கரண்ட் போகக்கூடாத வழியில் கொஞ்சம் கசிந்தாலும், கண் இமைப்பதற்குள் வீடு முழுக்க அணைத்துவிடும் சாமான் அது. "சும்மா தொட்டதுக்கெல்லாம் கோவிச்சுக்குமாமே, உன்னை மாதிரி" என்று மாமியார் அதற்கும் ஒரு குத்து வைத்தாள்.

பரிசோதகர் வருவது திங்கட்கிழமை. வியாழன் சாயங்காலம் வேலை முடிந்தது. பலகைகளைப் பழையபடி மூடி, எந்தெந்த இடத்தில் அடியில் வயர் போகிறதோ அங்கெல்லாம் தரைமேல் நீலச் சாக்கட்டியால் கோடு இழுத்தாள். உத்திரத்தை வயர் கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெருக்கல் குறி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை அப்படியே காகிதத்தில் வரைந்துகொள்வதாக எண்ணம். வெள்ளியும் சனியும் கான்ட்ராக்டர் வேலைக்குப் போயே ஆகவேண்டும், லீவெல்லாம் தீர்ந்துவிட்டது.

"கோட்டு மேல கவனம் அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மிதிக்காதே என்கிறாள் என்று மாமியார் புரிந்துகொண்டாள். மிதிக்காமல் துடைக்கலாமே! அதிகாரி வருகிற வீட்டில் தரை கிறுக்கலாக இருந்தால் யாருக்கு மானக்கேடு? வெள்ளிக்கிழமை காலை சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்தாள். முட்டி எரிய எரிய, ஒரு நீலப் பொட்டு மிச்சமில்லாமல் தேய்த்தாள். அவளைப் பொறுத்தவரை அது மருமகளுக்குச் செய்த உதவி.

அன்று மத்தியானம் மாமனார் காய்ந்த தரைமேல் நடந்து பார்த்தார். எடுத்து மூடிய பலகைகள் முனகின. அதிகாரி காலடியில் முனகினால் மருமகளின் வேலையைத்தானே குறை சொல்வார்? டப்பாவைத் திறந்தார். சின்ன ஆணி பிடிக்கவில்லை. நாலு அங்குல ஆணியாகத் தேடி எடுத்தார். துருப்பிடித்த பழைய ஆணி என்பதால், இறங்கியபின் பழசு எது புதுசு எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அவரைப் பொறுத்தவரை அதுவும் உதவிதான்.

ஒரு அங்குலப் பலகை, ஆறு அங்குல உத்திரம். கணக்கு தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கட்டும், நாலு அங்குல ஆணி எங்கே போய் நிற்கும் என்று. ஒரு ஆணி உத்திரத்தின் நட்டநடுவில் வயரின் ஓரத்தில் இறங்கி, கரண்ட் போகிற கம்பி ஒன்றை மட்டும் தொட்டு நின்றுவிட்டது. இரண்டு கம்பியையும் தொட்டிருந்தால் அந்த நொடியே வீடு இருண்டு குட்டு வெளிப்பட்டிருக்கும். அவர் நின்றது காய்ந்த பலகை, சுத்தியலுக்கு மரப்பிடி. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கெல்லாம் வழக்கம்போல் எரிந்தது.

சனிக்கிழமை காலை மாமியார் மாடியில் ஈரத்துணி போட்டுத் துடைத்தாள். ஜன்னலோரம் முடித்துவிட்டு, வலது கைத் துணி தரையில் இருக்க, இடது கையால் பைப்பைப் பிடித்து எழப்போனாள். வலது உள்ளங்கையில் ஏதோ நறுக்கென்று கடித்தது. முழங்கைவரை ஜிவ்வென்று ஏறியது. அதே நொடியில் கீழே 'டக்' என்று ஒரு சத்தம், ஃபேன் நின்றது.

சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மாமனார் கீழே போய் டிரிப்பரைத் தூக்கிவிட்டார். மறுபடி எல்லாம் எரிந்தது.

சாயங்காலம் மருமகள் வந்ததும் முதல் புகார் அதுதான்.

"உன் பெட்டிக்கு மூக்குமேல கோவம். நான் பாட்டுக்குத் தரை துடைக்கறேன், அது பாட்டுக்கு அணையுது. திங்கட்கிழமை அந்த மனுஷன் முன்னாடியும் அணைஞ்சா என்ன பண்ணுவே? பேசாம அதைக் கழட்டிடு."

"காலையில வெளிச்சத்துல மாடி ஏறிப் பார்க்கறேன் அத்தை" என்றாள் மருமகள். கையில் கடித்ததை மட்டும் மாமியார் சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பெண் தரையைத் திறந்துவிடுவாள். திறந்தால் திங்கட்கிழமை போச்சு. ஆறு மாதம் போச்சு. பள்ளிக்கூட வேலையும் போச்சு. தன் கை கொஞ்சம் மரத்ததற்காக ஒரு பெண்ணின் ஏழு வருஷத்தைக் கெடுப்பதா? அப்படித்தான் அவள் நியாயம் ஓடியது. ஆழத்தில் இன்னொன்றும் இருந்தது. துடைக்கிற இடத்தில் வந்த தொல்லை என்றால், துடைத்தவள் பேரும் அதில் அடிபடுமே.

ஞாயிறு காலை மருமகள் காகிதமும் பென்சிலுமாக மாடி ஏறினாள். தரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை... கோடு?"

"அந்தக் கிறுக்கலா? துடைச்சுட்டேன். நீ ஆறு வாரம் உழைச்சதை அழுக்குத் தரையில காட்டணுமா?"

அவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. இருந்தும் வாயில் ஒரு கடுஞ்சொல் வரவில்லை. "ரொம்ப நல்லாத் துடைச்சிருக்கீங்க" என்றாள். அதைக் கேட்டு மாமியாருக்கு இன்னும் சங்கடமாயிற்று. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

மருமகள் மெயினை அணைத்து, பெட்டியை, சுவிட்சை, பிளக் பாயின்ட்டை எல்லாம் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி என்றது மீட்டர். காய்ந்த மரத்துக்குள் ஒற்றைக் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கிற ஆணியை மீட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

"அத்தை, நேத்து டிரிப் ஆனப்போ தரை துடைச்சீங்கன்னு சொன்னீங்க. கையில ஏதாவது தெரிஞ்சுதா? சுருக்குன்னு, ஜிவ்வுன்னு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"நிஜமா?"

"நான் பொய் சொல்றவளா?"

"சேச்சே. நீங்க சொன்னா சரி அத்தை." பெட்டிகளை மூடினாள். "பிளக்குல தண்ணி தெறிச்சிருக்கும். துடைச்சுக் காய வெச்சுட்டேன்."

மெயினைப் போட்டாள். சுவரிலிருந்து உதிர்ந்த தூள் தரையில் கிடந்தது. மாமியாரின் வாளியிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்து, அவளே மண்டியிட்டு ஜன்னலோரம் துடைக்க ஆரம்பித்தாள். வலது கைத் துணி முன்னால் நகர்ந்தது. இடது கை, ஊன்றிக்கொள்ள, பைப்பை நோக்கிப் போயிற்று.

"கையை எடு!"

அதுதான் தெரு கேட்ட கத்தல். ஜன்னல் திறந்திருந்தது.

மருமகளின் இரண்டு கையும் அப்படியே நின்றன. துணிக்கும் அந்த ஆணிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். மாமியார் ஓடிவந்து, முட்டி வலியை மறந்து, அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"கடிச்சுது. நேத்து. இதே இடம். முழங்கை வரைக்கும் ஏறுச்சு. நான்தான் சொல்லலை. பொய் சொன்னேன்."

பிறந்ததிலிருந்து 'நான்தான்' என்று ஒரு தப்பை ஒப்புக்கொள்ளாதவள் அவள். அந்த வார்த்தை வெளியே வர எவ்வளவு கஷ்டப்பட்டதோ, அவளுக்குத்தான் தெரியும்.

மருமகள் கீழே போய் மெயினை அணைத்தாள். திரும்பி வந்து மாமியாரின் இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அப்புறம் பலகையைத் தொடவே இல்லை. டாக்டரிடம் கிளம்பச் சொன்னாள்.

"நாளைக்கு அதிகாரி வரான்டீ! நேரம் போயிட்டிருக்கு, நீ என்னை ஊர்வலம் கூட்டிட்டுப் போறே?"

"வரலைன்னா தூக்கிட்டுப் போவேன். எலி சின்னதுதான், இழுக்கற பலம் உங்களுக்குத் தெரியாது."

டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டு, காகிதத்தில் கோடு ஓடவிட்டுப் பார்த்து, பயமில்லை என்று சொல்லி அனுப்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் மாமனார் ஆணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

"எத்தனை மாமா?"

"ரெண்டு."

"மாமா."

"...நாலு."

அவர் காட்டிய இடத்தில் மூன்று பலகையைப் பெயர்த்தாள். மாமியார்தான் டார்ச் பிடித்தாள். ஆறு வாரமாகப் படிக்கட்டிலிருந்து நச்சரித்தவள், முதல் தடவையாக உள்ளே குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு உத்திரத்திலும் ஒரே உயரத்தில் வழவழப்பாக ஒரு துளை. எட்டிப் பார்த்தால் வரிசையாக மறுசுவர்வரை தெரிகிறது, ஊசிக் காதுகளை அடுக்கி வைத்த மாதிரி. அவற்றின் வழியே இறுக்கமில்லாமல் வயர். யாருமே பார்க்கப்போகாத இடத்தில் இவ்வளவு சுத்தம்! தன் தரையைவிடச் சுத்தம் என்று அவள் மனசு ஒத்துக்கொண்டது. மூன்று ஆணி விலகி இறங்கியிருந்தது. நாலாவது வயரின் விலாவில்.

"அந்தப் பெட்டி மட்டும் இல்லாம இருந்திருந்தா..."

"அதைப் பத்தி இப்ப வேண்டாம் அத்தை. டார்ச்சை கொஞ்சம் இந்தப் பக்கம்."

மாமியார் டார்ச்சைத் திருப்பினாள். கழற்றிப் போடு என்று தான் சொன்ன பெட்டிதான் தன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளிச்சம் மங்குவதற்குள் பழுதான வயரை முழுசாக உருவிவிட்டுப் புதுசு கோத்தாகிவிட்டது. மாமியார் மெதுவாகச் சொன்னாள்: "மூடிடும்மா. நான் ஒரு துடை துடைச்சுடறேன். நாளைக்குக் கையெழுத்தை வாங்கிடு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே. திறந்தே இருக்கட்டும் அத்தை. பார்க்கட்டும்."

பளபளாவின் வீட்டில், அதிகாரி வந்த அன்றைக்கு, மாடியில் மூன்று பலகை சுவரில் சாய்ந்திருந்தது. தரை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பரிசோதகர் ஒல்லியான மனிதர். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிற ரகம். டிரிப்பரைத் தட்டிப் பார்த்தார், மீட்டரை வைத்தார், மாடியில் குப்புறப் படுத்து அந்தப் பொந்துக்குள் தலையை விட்டு, அளவுகோலை நீட்டி, ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"இங்க மட்டும் ஏன் புது வயர்?"

"ஆணி ஏறிடுச்சு சார். என் தப்பு. காகிதத்துல வரையாம, சாக்கட்டிக் கோட்டை நம்பி வேலைக்குப் போயிட்டேன்."

"அவ தப்பு இல்ல சார்!" என்று மாமியார் முன்னால் வந்தாள். "கோட்டை அழிச்சவ நான். ஆணி அடிச்சவர் இதோ நிக்கறாரு. எனக்கு ஷாக் அடிச்சதையும் மறைச்சேன். எழுதறதா இருந்தா எங்க பேரை எழுதுங்க."

மாமனார் ஆணி டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

பரிசோதகர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "துளை எல்லாம் சரியான இடத்துல இருக்கு. இந்த ஆழத்துல இருந்தா விதிப்படி மேல இரும்புத் தகடு தேவையே இல்ல." பேனாவை மூடினார். "ஆனா இந்த வீட்டுல இவர் இருக்காரே. வயர் கடக்கிற ஒவ்வொரு இடத்துலயும் உத்திரத்து மேல தகடு வைங்க. படம் வரைஞ்சு பெட்டிக்குள்ள ஒட்டுங்க. இன்னிக்கு கையெழுத்து கிடையாது."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் ஆறு மாதம் போயிற்று என்றே நினைத்தாள்.

"அடுத்த வியாழன் இந்தப் பக்கம் வேற வேலையா வரேன். ஏறிப் பார்த்துட்டுப் போறேன். அதுவரைக்கும் இந்த ஃபைலை மூடலை." படி இறங்கும்போது திரும்பி, "தப்பைத் திறந்து வெச்சுக் காட்டின வீடு எனக்கு இதுதான் முதல்" என்றார்.

அந்த வியாழன் வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சான்றிதழில் இந்தத் தடவை அவள் பேர் இருந்தது. மாமியார் அதைக் கையில் வாங்கித் தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஒருவரும் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

பள்ளிக்கூட வேலை எட்டு மாதம். அங்கேயே ஒரு அறை கொடுத்தார்கள். புருஷனுக்கு அடுப்பை விட்டு வர முடியாது. வார விடுமுறைக்குப் போய் வருவதாக ஏற்பாடு. "பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பிட்டு நீ இங்க ரொட்டி சுடறியா?" என்று கேட்டவர்களுக்கு, "அவ இருக்கற ஊர்ல நல்ல ரொட்டி இல்லையாம். கொண்டுபோய்க் கொடுக்கவாவது ஒருத்தன் வேண்டாமா?" என்று சொல்லிவிட்டான் அவன். அவர்களுக்குள் இல்லாத சண்டையை ஊர் தேடிக்கொண்டிருக்கிறது.

அவள் கிளம்பிய அன்று காலை பத்து மணி இருக்கும். முதுகில் துணிப்பை, கையில் டிரில் பெட்டி. மாமனார் வாசலிலேயே நின்று பெட்டியின் கொக்கியை மூன்று தடவை பூட்டித் திறந்து பார்த்தார். ஆட்டம் இருந்தால் சரிசெய்யலாமே என்று. ஆட்டம் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மாமியார் உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தாள். பழைய கம்பளியை நாலாக மடித்து, உள்ளே பஞ்சு திணித்து, பட்டை வைத்துத் தைத்த இரண்டு முட்டி உறைகள். தையல் கோணல்மாணல். டெய்லரம்மாவிடம் கொடுக்காமல் அவளே தைத்தது.

"உத்திரத்து மேல மண்டி போட்டுப் போட்டு உன் முட்டியும் என்னுது மாதிரி ஆயிடக்கூடாது. பட்டை பத்தலைன்னா சொல்லு, நீட்டித் தரேன்."

மருமகள் அதை அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்து, உடுப்புக்கு மேலேயே கட்டிப் பார்த்தாள். ஒன்று கொஞ்சம் இறுக்கம். அவிழ்க்கவில்லை.

"அத்தை, நீங்க..."

"எனக்குத் தெரியும். நீயும் சொல்லாதே, நானும் சொல்லலை. உன்னாலதான் இன்னிக்கு நான் நின்னு பேசிட்டிருக்கேன். அதைத் தினமும் சொன்னா சொல்லுக்கு மதிப்பு போயிடும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; தூசி என்றாள். அந்த வீட்டில் தூசியாம்!

"போயிட்டு வரேன் அத்தை. வரேன் மாமா."

"முதல்ல போ. பஸ் உனக்காக நிக்காது."

இரண்டு முட்டியிலும் கம்பளி உறையைக் கட்டிக்கொண்டு, கரடிக்குட்டி மாதிரி, அவள் படியிறங்கித் தெருவில் நடந்து போனாள்.